விக்ரம் நிற்கும் இடம்

'லியோ' படம் முடியும் தறுவாயில் நாயகன் பார்த்திபனுக்கு ஒரு போன் வருகிறது. பேசுபவரின் முகத்தைத் திரை காட்டுவதில்லை. குரல் மட்டும்தான். 2023 அக்டோபர் 19இல் படம் வெளியானபோது, செர்காமிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் கார் ஏறி மலாக்கா நகரத்துக்குப் போய்ப் பார்த்த இளசுகளுக்கு அந்த ஒரு குரல் போதுமானதாக இருந்தது. கூடப் போன பாட்டிக்கு அப்படி இல்லை. "யாருடா அது போன்ல?" என்று பேரனைத்தான் கேட்டாக வேண்டும்.

இரண்டு பேர் காதிலும் விழுந்தது ஒரே ஒலி. பாட்டிக்கு அது யாரோ ஒரு பெரியவரின் குரல். பேரனுக்கோ அந்த நொடியில் மூன்று படங்கள் ஒன்றாகத் திறந்துகொள்கின்றன: லாரி ஓட்டும் டில்லி, முகமூடி அணிந்த கூட்டம், வில்லன் ரோலக்ஸ் கையில் இருக்கும் அரிவாள். திரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இல்லாத ஒன்றைப் பார்க்க வைக்கும் இந்த வித்தை எப்படி வேலை செய்கிறது? சினிமாக்காரர்கள் இதை 'யுனிவர்ஸ்' என்கிறார்கள். இயக்குநர் லோகேஷ் கனகராஜின் 'கைதி', 'விக்ரம்', 'லியோ' படங்களுக்கு ரசிகர்கள் சுருக்கமாக 'எல்சியு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வித்தையின் உள்ளே உளவியலும் கணிதமும் நிறையவே இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பொழுதுபோக்காகப் பேசும் விஷயத்துக்குள் இவ்வளவு இருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

முதலில் கதைகளின் இருப்பிடத்தைப் பார்த்துக்கொள்வோம். 2019 தீபாவளிக்கு 'கைதி' வந்தது. பாட்டு இல்லை, நாயகி இல்லை, நடப்பது ஒரே இரவு. பத்தாண்டு சிறை கழித்து, இதுவரை பார்த்திராத மகளைப் பார்க்கப் புறப்பட்ட டில்லியை, 900 கிலோ போதைப்பொருளைப் பிடித்த போலீஸ் அதிகாரி பிஜாய் வழியில் மடக்குகிறார். மயங்கிக் கிடக்கும் போலீசாரை லாரியில் ஏற்றிப் போகச் சொல்கிறார். இன்னொரு பக்கம், கமிஷனர் அலுவலகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட கான்ஸ்டபிள் நெப்போலியன் கல்லூரி மாணவர்கள் சிலரை வைத்துக்கொண்டு கோட்டையைக் காப்பதுபோல் காக்கிறார். விடிகிறது. கதை அங்கேயே நிறைவு பெற்றது. பார்த்தவர்கள் யாரும் அதை ஒரு பெரிய உலகத்தின் முதல் கதவு என்று நினைக்கவில்லை.

அதற்கும் 33 ஆண்டுகள் முன்னால், 1986இல், 'விக்ரம்' என்றொரு படம் வந்திருந்தது. சுஜாதா கதை, ராஜசேகர் இயக்கம், இளையராஜா இசை, கமல்ஹாசன் உளவாளி. களவாடப்பட்ட அக்னிபுத்திரன் ஏவுகணையைத் தேடிச் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறான் நாயகன். டில்லியின் உலகமும் சலாமியாவும் ஒன்றையொன்று தொட வாய்ப்பே இல்லை.

2022 ஜூன் 3 அன்று வெளியான 'விக்ரம்' இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது. பெயரும் தொழிலும் பழைய பாட்டும் 1986இலிருந்து வந்தவை. பிஜாயும், போதைப்பொருள் கும்பலின் அடைக்கலமும் அன்புவும் 'கைதி'யிலிருந்து வந்தவர்கள். ஆக, இரண்டாம் பாகம் என்றால் எதன் இரண்டாம் பாகம்? ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் கமல் படத்தின் தொடர்ச்சி, மறுபக்கத்திலிருந்து பார்த்தால் கார்த்தி டில்லியாக நடித்த 'கைதி'யின் தொடர்ச்சி. இதைத்தான் அதன் சிறப்பான இடம் என்று நினைக்கிறேன். வழக்கமான இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். இது இரண்டு வரிசைகளின் சந்திப்பில் நிற்கிறது.

இந்த இடத்தின் மதிப்பைக் கணிதத்தால் அளக்கலாம். 1998இல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி எளியது. 1000 புள்ளிகளை வட்டமாக வையுங்கள். ஒவ்வொன்றையும் பக்கத்தில் உள்ள 10 புள்ளிகளோடு மட்டும் இணையுங்கள். வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் போகப் பல தாண்டல்கள் வேண்டும். சராசரி 50 தாண்டல். இப்போது நூற்றில் ஓர் இழையை மட்டும் அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு எங்கோ தொலைவில் இருக்கும் புள்ளியோடு கட்டிவிடுங்கள். சராசரித் தொலைவு தடாலென்று சரிகிறது. ஆனால் அக்கம்பக்கத்து நெருக்கம் அநேகமாக அப்படியே இருக்கிறது. ஊர் ஊராகவே இருக்கும், உலகம் மட்டும் சுருங்கிவிடும்.

தோட்டத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு தோட்டத்துக்குள் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். செர்காம் பக்கத்துப் பெண் ஒருத்தி கெமண்டோர் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டால் போதும், இரண்டு தோட்டத்து மக்களும் ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று பேச்சுத் தொலைவுக்குள் வந்துவிடுவார்கள். நல்லது கெட்டது எல்லாம் அந்த ஒரு வீட்டின் வழியாகத்தான் ஓடும்.

வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் தங்கள் கணக்கை உண்மை உலகத்தில் சோதிக்க எடுத்துக்கொண்ட தரவுகளில் ஒன்று சினிமாதான். 2,25,226 நடிகர்கள். ஒரே படத்தில் நடித்திருந்தால் இருவருக்கும் இடையே ஓர் இழை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவரை அடைய ஆகும் சராசரித் தாண்டல் வெறும் 3.65.

இதே அளவுகோலைப் பாத்திரங்களுக்கு வைத்துப் பார்ப்போம். டில்லிக்கு பிஜாயைத் தெரியும். பிஜாய் 2022இல் விக்ரமின் பக்கம் நின்று போராடுகிறார். ஆக, டில்லியிலிருந்து விக்ரம் இரண்டே தாண்டலில் இருக்கிறார். பிஜாய் என்ற ஓர் ஆளை எடுத்துவிட்டால் அந்த வழி மூடிவிடும். 'லியோ'வில் இமாச்சல மலையூரில் காபி கடை நடத்தும் பார்த்திபனின் குடும்பத்துக்குக் காவலாக வருபவர் யார்? அதே கான்ஸ்டபிள் நெப்போலியன். அவர் வழியாகப் போனால் பார்த்திபன், நெப்போலியன், பிஜாய், விக்ரம் என்று மூன்று தாண்டல். கடைசியில் விக்ரமிடமிருந்து வரும் அந்தப் போன் மூன்றை ஒன்றாக்கிவிடுகிறது. பேரன் துள்ளியது அந்தச் சுருக்கத்துக்குத்தான். அவனுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொலைவில் இருந்த ஒருவர் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்பதை மனம் தானாகவே உணர்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, பாலமாக இருப்பவர்கள் நாயகர்கள் அல்லர். நரேன் நடித்த பிஜாயும் ஜார்ஜ் மரியான் நடித்த நெப்போலியனும் சுவரொட்டியில் பெரிதாக வரக்கூடியவர்கள் இல்லை. பெரிய நாயகன் ஒரு கதைக்குள் நுழைந்தால் அந்தக் கதையைத் தனதாக்கிக்கொள்வான். சிறிய ஆள் நுழைந்தால் கதை தன் போக்கில் போகும், இழை மட்டும் சத்தமில்லாமல் விழும். நெப்போலியனைப் போல வியர்த்து விறுவிறுத்துப் பயந்துகொண்டே கடமையைச் செய்யும் ஒரு கான்ஸ்டபிளைப் பாலமாகத் தேர்ந்தெடுத்தது இந்த உலகத்தின் மிக அழகான முடிவு என்பேன்.

ஒரே இடத்தில் நடப்பதால் மட்டும் கதைகள் ஒரே உலகமாகிவிடுவதில்லை. நம் மலேசியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் அஜித்தின் 'பில்லா' இங்கே நடந்தது. 2016இல் ரஜினியின் 'கபாலி' இங்கே நடந்தது. இரண்டுமே நிழலுலகத் தமிழர் கதை. ஆனால் பில்லாவைக் கபாலிக்குத் தெரியாது, இருவரையும் அறிந்த மூன்றாவது ஆளும் இல்லை. ஒரே மண்ணில் நடந்தும் அவர்களுக்கு இடையிலான தொலைவு முடிவிலி. ஒரு நெப்போலியன் இருந்திருந்தால் போதும், கோலாலம்பூர் என்ற ஊரே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

சூப்பர் ஹீரோக்களின் உலகத்திலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினைச் சேர்ந்த மூவர் 2002இல் மார்வெல் காமிக்ஸின் 12,942 இதழ்களையும் அவற்றில் வரும் 6,486 பாத்திரங்களையும் ஒரு வலையாக வரைந்தார்கள். அந்த வலை உண்மையான மனிதச் சமூகத்தைப் போலவே ஏறக்குறைய இருந்தது, முழுதாக அல்ல. நம் வாழ்க்கையில் என் நண்பர்கள் இருவர் தங்களுக்குள்ளும் நண்பர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். மார்வெலில் அந்தப் பின்னல் தளர்வாக இருந்தது. எழுதுபவர்கள் புகழ்பெற்ற நாயகர்களைத் திரும்பத் திரும்பப் பல இதழ்களுக்குள் அனுப்புகிறார்கள். சின்னப் பாத்திரங்களுக்குத் தங்களுக்குள் பழக இடம் கிடைப்பதில்லை. வலையின் நடுவே கேப்டன் அமெரிக்கா உட்கார்ந்திருந்தார். பின்னர் 2008இல் 'அயர்ன் மேன்' படத்தின் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு நிக் ஃப்யூரி வந்து நின்றதும், 2012இல் 'அவெஞ்சர்ஸ்' எல்லாரையும் ஒரே அறையில் கூட்டியதும் இந்தப் பழைய காமிக்ஸ் பழக்கம் திரைக்கு வந்த கதை. தமிழில் மிஷ்கின் 2012இலேயே 'முகமூடி' எடுத்தார். சூப்பர் ஹீரோ இருந்தார், தொட்டுக்கொள்ள இன்னொரு கதை இல்லை.

ஆனாலும் இது மார்வெல் கண்டுபிடித்த வித்தையென்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. மகாபாரதத்தின் வன பருவத்தில் பீமன் மலர் பறிக்கப் போகிறான். வழியில் ஒரு கிழக் குரங்கு வாலை நீட்டிப் படுத்திருக்கிறது. அந்த வாலை நகர்த்த முடியாமல் பீமன் திணறும்போதுதான் கேட்பவருக்குப் புரிகிறது, வந்திருப்பது வேறொரு காவியத்தின் ஆள். இருவரும் வாயு மைந்தர்கள், அண்ணனும் தம்பியும். அந்த ஒரே சந்திப்பால் ராமனிலிருந்து துரியோதனன் மூன்று தாண்டலில் வந்துவிடுகிறான்: ராமன், அனுமன், பீமன், துரியோதனன். யுகமே மாறியிருக்கிறது, ஆனால் தொலைவு மூன்றுதான். சியமந்தக மணிக்காகக் கிருஷ்ணனோடு மோதும் ஜாம்பவான் இன்னோர் இழை. இரு காவியங்களிலும் வரும் பரசுராமன் மற்றொன்று. தெருக்கூத்தில் பாரதம் பார்த்து வளர்ந்த தலைமுறை, கூத்து பாதி நடந்துகொண்டிருக்கும்போது வந்து உட்கார்ந்தாலும் திகைத்ததில்லை. யார் யாருக்கு என்ன உறவு என்ற வரைபடம் அவர்களிடம் முன்பே இருந்தது. 'லியோ'வில் விழித்த அதே பாட்டி, அனுமன் வாலைப் பார்த்ததும் பேரனுக்கு முன்பே சிரித்திருப்பார்.

மலாக்காவுக்கும் சொந்தமாக ஓர் உலகம் உண்டு. ஜோங்கர் தெரு என்று நாம் அழைக்கும் தெருவின் அதிகாரப்பூர்வப் பெயர் ஜாலான் ஹங் ஜெபாட். அந்த வட்டாரத்திலேயே ஹங் கஸ்தூரி, ஹங் லெக்கிர், ஹங் லெக்கியூ பெயர்களிலும் தெருக்கள் இருக்கின்றன. ஹங் துவாவின் தோழர்கள். பள்ளியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை: அரசன் சொல்கேட்டு, தன் பொருட்டுக் கலகம் செய்த நண்பனையே ஹங் துவா கொல்கிறான். அந்த நண்பன் யார்? 'ஹிகாயாட் ஹங் துவா'வில் ஜெபாட். 'செஜாரா மெலாயு'வில் கஸ்தூரி! யுனெஸ்கோ 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த இரண்டு நூல்களும் இப்படி முரண்படுகின்றன. இன்றைய ரசிகர்களாக இருந்தால் இயக்குநரை விடமாட்டார்கள். ஆனால் இந்த முரண்பாட்டால் ஹங் துவாவின் உலகம் உடைந்துவிடவில்லை. பெயர் மாறியது, இழையின் வடிவம் மாறவில்லை. நண்பன், நண்பன், நடுவில் அரச ஆணை என்ற அந்த முக்கோணம் இரண்டிலும் உறுதியாக இருக்கிறது.

நினைவு ஏன் இப்படி வேலை செய்கிறது என்பதை ஃப்ரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலிலேயே காட்டினார். ஆங்கில வாசகர்களிடம் வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திரும்பச் சொல்ல வைத்தார். தங்களுக்குப் பழக்கமில்லாத விவரங்களை அவர்கள் தவறவிட்டார்கள் அல்லது தங்களுக்குத் தெரிந்ததாக மாற்றிக்கொண்டார்கள். கதையில் இருந்த மரத்தோணி சாதாரணப் படகானது. மனம் கதையைப் படம்பிடித்து வைப்பதில்லை. ஒரு சட்டகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறது. சொல்லிச் சொல்லி வாழ்ந்த கதைகளில் ஜெபாட்டும் கஸ்தூரியும் இடம் மாறிக்கொண்டது வியப்பில்லை. அதே 'ஹிகாயாட்'டில் ஹங் துவா கடல் கடந்து விஜயநகரம் போய் 'கிஸ்னா ராயன்' என்ற அரசனைச் சந்திப்பதும் உண்டு. மலாய் வீரனுக்கும் கிருஷ்ணதேவராயருக்கும் இடையே ஒரு கதாசிரியர் போட்ட இழை அது. மலாக்காத் தமிழர்கள் இன்னும் கொண்டாடியிருக்க வேண்டிய இழை.

கட்டப்பட்ட நினைவைப் பின்னால் வரும் செய்தி மாற்றவும் செய்யும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் மோதும் காட்சியை மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒரு பிரிவிடம் கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள், இன்னொரு பிரிவிடம் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. காட்சியில் கண்ணாடி உடையவே இல்லை. முதல் பிரிவில் 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டாம் பிரிவில் 16 பேர்.

நீதிமன்றத்தில் இது பெரிய ஆபத்து. கதைசொல்லிக்கோ இது ஒரு வரம். 2022க்கு முன் 'கைதி' ஒரு தகப்பன் மகளைப் பார்க்கப் போகும் கதை. 'விக்ரம்' கடைசிக் காட்சியில் அடைக்கலமும் அன்புவும் ரோலக்ஸ் முன்னால் நிற்கும்போது, டில்லியைப் பற்றிய பேச்சு அந்த அறைக்குள் வரும்போது, பழைய படத்தின் ஒரு காட்சிகூட மாறாமலேயே அதன் பொருள் மாறிவிடுகிறது. அன்று பிடிபட்ட 900 கிலோ ஒரு பேரரசின் இழப்பாகிறது. டில்லி தப்பித்தவர் என்ற நிலை போய்த் தேடப்படுபவர் ஆகிறார். இதற்கு வழி செய்யத்தான் லோகேஷ் வெளியீட்டுக்கு முந்தைய நாளே ரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தில் 'கைதி'யை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு இயக்குநர் தன் படத்துக்கு வருபவர்களை இன்னொரு படத்துக்கு அனுப்பிவைத்தது நல்ல உளவியல்.

அரங்கத்தில் எல்லாரும் ஒரே கணத்தில் துள்ளுவதற்கும் காரணம் இருக்கிறது. உரி ஹாசன் குழுவினர் 2004இல் ஐந்து பேரை மூளைப்படக் கருவிக்குள் படுக்க வைத்து 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தை அரை மணி நேரம் காட்டினார்கள். மூளைப் புறணியின் ஏறக்குறைய 30 விழுக்காட்டுப் பகுதி எல்லாருக்கும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. 2017இல் ஜானிஸ் சென், ஹாசன் ஆகியோரின் குழு 'ஷெர்லாக்' தொடரைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து கதையைச் சொல்லச் சொன்னது. ஒரே காட்சியை நினைவுகூரும்போது வெவ்வேறு மனிதர்களின் மூளையில் ஒத்த வடிவங்கள் தோன்றின. பார்த்த வடிவம் நினைவில் சற்று மாறுகிறது, ஆனால் எல்லாருக்கும் ஒரே விதமாக மாறுகிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தனித்தனியாகப் படம் பார்த்தாலும் ஒரே கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'பகிர்ந்த உலகம்' என்ற பெயர் கதைகளைவிடப் பார்வையாளர்களுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது.

ரோலக்ஸ் காட்சி சில நிமிடங்கள்தான். அது ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு 2014இல் மத்தியாஸ் குரூபர் குழு செய்த ஆய்வு உதவுகிறது. பொது அறிவுக் கேள்வி ஒன்றைக் கேட்டு, விடை சொல்வதற்கு முன் சில நொடிகள் காக்க வைத்தார்கள். அந்த இடைவெளியில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். விடையை அறியும் ஆவல் அதிகமாக இருந்தபோது விடை மட்டுமல்ல, நடுவில் வந்த அந்த முகமும் கூடுதலாக நினைவில் நின்றது. ஆவல் மூளையின் நினைவுக் கதவை அகலத் திறந்து வைக்கிறது, அப்போது எது உள்ளே வந்தாலும் தங்கிவிடுகிறது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடிய படம், ஊருக்கெல்லாம் பெரிய வில்லன் யார் என்ற கேள்வியோடு காக்க வைத்துவிட்டு, கடைசியில் ரோலக்ஸாக வரும் சூர்யாவின் முகத்தைக் காட்டுகிறது.

இதற்கு விலையும் உண்டு. 'லியோ' தன் சொந்தக் கதையால் நிற்க வேண்டிய படம். ஒரு மனிதன் தன் பழைய பெயரை மறைத்து வாழ முடியுமா என்ற கேள்வி வலுவானது, அதற்கு எந்த உலகத்தின் துணையும் தேவையில்லை. கடைசிப் போன் அந்தக் கேள்வியின் கனத்தைக் குறைத்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது. பார்த்திபன் தன் மனைவிக்குச் சொல்ல வேண்டிய பதிலைவிட, அடுத்த படத்தில் யாரோடு சேர்வார் என்பது பெரிதாகிவிட்டது. 'விக்ரம்' அப்படித் தடுமாறவில்லை. மகனை இழந்த தகப்பனின் துயரம் அதற்குள்ளேயே முழுமையாக இருந்தது. 'கைதி' பார்க்காதவரும் அழுதார். பார்த்தவர் கூடுதலாக ஒன்றைக் கண்டார், அவ்வளவுதான்.

2025இல் மலையாளத்தில் வந்த 'லோகா' கள்ளியங்காட்டு நீலியின் கதையிலிருந்து ஒரு சூப்பர் ஹீரோ உலகத்தைத் தொடங்கியிருக்கிறது. நாட்டார் தெய்வத்திலிருந்து தொடங்கியது சரியான தொடக்கம், ஏனென்றால் அந்த வரைபடம் மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் தோட்ட எல்லையில் நிற்கும் முனியாண்டி கோயில்களைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் என் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு தோட்டத்து முனிக்கும் ஒரு கதை இருக்கிறது, ஊர் விட்டு ஊர் போனவர்கள் பிடிமண்ணோடு அந்தக் கதையையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். இழைகள் போடப்பட்டுவிட்டன. எழுத ஆள் வேண்டும்.

'கைதி' இரண்டாம் பாகம் வரும்போது அதன் வேலை எளிதாக இருக்காது. முதல் பாகத்தில் டில்லி யாருக்கும் கடன்படாத ஆள். இப்போது பிஜாய் ஒரு பக்கம், அடைக்கலமும் அன்புவும் ஒரு பக்கம், மேலே ரோலக்ஸ். அவர் எங்கே திரும்பினாலும் ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒன்றோடு ஒத்துப்போக வேண்டும். மகள் அமுதாவுக்கு அவர் அப்பாவாக மட்டும் இருக்கும் ஒரு பத்து நிமிடமாவது அந்தப் படத்தில் இருக்குமா என்பதுதான் என் கவலை. அதற்கு அடுத்ததாக, நெப்போலியன் எந்தக் காட்சியில் வருகிறார், யாரோடு பேசுகிறார் என்று பார்ப்பேன்.